தொடர்களில் வரும் கன்டினியூட்டி பிழைகள் தெரியாமல் நடப்பவையா, வேண்டுமென்றே வைப்பவையா?

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் காரணமில்லாமல் மாறி நிற்பதைத்தான் கன்டினியூட்டி பிழை என்கிறோம். நீங்கள் கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் டாக்டர் என்பவரின் கதையான டாக்டர் ஹூ தொடரின் ஐந்தாவது சீசனில், அவர் பறிகொடுத்த கோட்டு சில நிமிடங்களில் அவர் மேல் திரும்ப வந்துவிட்டதே, அது பிழையா என்பது ஒன்று. அரசர் காலத்துக் கதை மாதிரி நடக்கும் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் விருந்து மேசையில் இருந்த காபி கப் விளம்பரத்துக்காக வைத்ததா என்பது இரண்டாவது. உங்கள் அம்மா பார்க்கும் சீரியலில் கூடத்துச் சுவர்க் கடிகாரம் காலையிலும் ராத்திரியிலும் மூன்று நாற்பதையே காட்டுகிறதே ஏன் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எடுத்தவர்களைக் கேட்காமல், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர், இது தவறு, இது திட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் நீங்கள் இரண்டு பெட்டிதான் வைத்திருக்கிறீர்கள். குறைந்தது நாலு வேண்டும்.

நான் சென்னையில் இரண்டு வருடம் சீரியல் உதவி இயக்குநராக கன்டினியூட்டி எழுதினேன். அதற்கப்புறம் பதினோரு வருடமாக எடிட்டிங். வெளிநாட்டுத் தொடர் எதிலும் வேலை செய்ததில்லை. அதனால் அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் திரையில் தெரிவதையும், எடுத்தவர்கள் பொதுவில் சொன்னதையும், எங்கள் வேலை எப்படி நடக்கும் என்ற அனுபவத்தையும் வைத்துத்தான்.

முதலில் பிழை எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று நிமிடத்தில் பார்க்கும் காட்சியை எடுக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். முதலில் எல்லோரையும் சேர்த்து ஒரே ஷாட்டில் மாஸ்டர். அப்புறம் மாமியாருக்கு ஒரு சஜஷன், அதாவது எதிரில் நிற்பவரின் தோளுக்கு மேலாக ஒரு ஷாட், மருமகளுக்கு ஒரு சஜஷன், கடைசியில் முகம் மட்டும் தெரியும் க்ளோஸ். நடுவில் சாப்பாட்டு பிரேக் வரும், லைட் மாறும், தலையில் வைத்த மல்லிகை வாடும். போதாததற்கு, கூடத்தில் நடக்கும் காட்சிகளையெல்லாம் ஒரே நாளில் எடுத்து முடிப்போம். திங்கள் எபிசோடு, வியாழன் எபிசோடு, அடுத்த வாரத்தில் வரும் ஒரு துண்டு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் புடவை மாற்றி. எந்தப் புடவை, பின்னல் எந்தத் தோளில், தாலி வெளியே தெரிகிறதா, பொட்டு எந்த அளவு, கதவு திறந்திருந்ததா என்றெல்லாம் எழுத ஒரு நோட்டு உண்டு. இப்போது போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் தப்பும். காரணம், நோட்டு எழுதுகிற அதே பையன்தான் தமிழ் தெரியாத கதாநாயகிக்கு வசனம் ப்ராம்ப்ட் பண்ண வேண்டும். வசனத்தைப் பார்க்கிற கண் வளையலைப் பார்க்காது.

இதுவரைக்கும் சொன்னது நிஜமான தவறு. அடுத்தது எடிட்டிங் மேசையில் நடப்பது. வெளியாட்கள் இதைத்தான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு அம்மா, மகன் இறந்த செய்தி கேட்கும் காட்சி. மாஸ்டரில் அவர் நெற்றியில் விபூதி இருக்கிறது. க்ளோஸில் இல்லை, மேக்கப் டச்சப் செய்தவர் துடைத்துவிட்டார். விபூதியோடு எடுத்த இன்னொரு டேக்கும் என்னிடம் இருந்தது. ஆனால் அதில் அந்த அம்மாள் அழுவது அழுகையாகவே இல்லை. விபூதி இல்லாத டேக்கில் அவர் ஒரு நொடி சிரிக்கப் பார்த்து அப்புறம் உடைவார். இயக்குநரிடம் காட்டினேன். "நெத்தியைப் பாக்கறவன் அழல, விடு" என்றார். விட்டோம். மறுநாள் வந்த மெசேஜ்களில் பாதி, அந்த அம்மாவுக்கு இரட்டைச் சகோதரி இருக்கிறாள், கதையில் டபுள் ரோல் வரப்போகிறது என்று. நம் ஊர் ரசிகருக்கு டபுள் ரோல்தான் முதலில் தோன்றும். அதை நான் குறை சொல்லவும் மாட்டேன், எத்தனை சீரியலில் நாங்களே செய்திருக்கிறோம்.

அந்த விபூதி என்ன? தெரியாமல் நடந்த பிழை இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். குறிப்பும் இல்லை, அதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. தெரிந்தே விட்ட பிழை, அதுதான் மூன்றாவது பெட்டி. திரையில் நீங்கள் பார்க்கும் பிழைகளில் மிகப் பெரிய பங்கு இந்த வகை என்பது என் எண்ணம். இது எங்கள் ஊர் அவசரம் மட்டுமில்லை. அபோகலிப்ஸ் நவ் படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், ஒரு வெட்டு எதற்காக என்பதற்கு மார்க் போட்டே காட்டியிருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, திரையின் தளத்துக்கு 5, அறைக்குள் யார் எங்கே நின்றார் என்ற இடத் தொடர்ச்சிக்கு 4. ஆறையும் ஒரே வெட்டில் பிடிக்க முடியாவிட்டால் கீழிருந்து பலி கொடுத்துக்கொண்டே மேலே போ என்பது அவர் கணக்கு. முதலில் பலியாவது நீங்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் அந்தக் கடைசி 4.

பலி கொடுத்தாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியமும் உண்டு. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குட்டிப் படத்தில் வெட்டுக்கு வெட்டு நடிகரையே மாற்றிப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து எழுபவர் ஒருவர், போனை எடுப்பவர் வேறொருவர். பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் கவனிக்கவே இல்லை. நாம்தான் "இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போட்டு நேர்மையாக இருக்கிறோம்.

சரி, கோட்டுக்கு வருகிறேன். 2010 மே 1 அன்று ஒளிபரப்பான ஃப்ளெஷ் அண்ட் ஸ்டோன் எபிசோடில், கற்சிலைத் தேவதைகளில் ஒன்று டாக்டரின் ட்வீட் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. அவர் கோட்டைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்பிக்கிறார். அப்புறம் வெறும் சட்டையோடுதான் ஓடுகிறார். காட்டுக்குள், அவரோடு பயணிக்கும் ஏமி கண்ணைத் திறக்கக் கூடாது என்ற நிலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போனவர் திடீரென்று திரும்பி வந்து, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஏழு வயதில் நான் சொன்னதை நினைவுபடுத்திக்கொள் என்கிறார். அந்த ஷாட்டுகளில் மட்டும் கோட்டு இருக்கிறது. எட்டு வாரம் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று சண்டை போட்டார்கள். பிழைக் கட்சிக்கும் நல்ல ஆதாரம் இருந்தது. மேட் ஸ்மித் டாக்டராக முதன்முதலில் படப்பிடிப்புக்குப் போனதே இந்த இரண்டு பாகக் கதைக்குத்தான், புது யூனிட், தப்பு நடந்திருக்கும் என்றார்கள். ஜூன் 26 அன்று வந்த த பிக் பேங் எபிசோடில் விடை கிடைத்தது. தன் காலக்கோட்டில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் டாக்டர் வழியில் அந்தக் காட்டில் இறங்குகிறார். கோட்டோடு வந்தவர் அந்த நேரத்து டாக்டரே இல்லை, பின்னாலிருந்து வந்தவர். ஆக உங்கள் முதல் கேள்விக்கு விடை: திட்டம், சந்தேகமே இல்லை.

ஆனால் ஜூன் 26-க்கு முன்பே அதைச் சொல்லியிருக்க முடியுமா என்பதுதான் எனக்கு ருசியான விஷயம். முடியும் என்கிறேன். பிழை ஒரு வெட்டின் இரண்டு பக்கமும் பிளந்து நிற்கும். ஒரே வசனம், ஒரே அசைவு, இந்தப் பக்கம் விபூதி உண்டு, அந்தப் பக்கம் இல்லை. கோட்டுக் காட்சியில் அப்படி இல்லை. கோட்டு இல்லாத டாக்டர் பேசி முடித்துப் போய்விட்டார். அப்புறம் ஒரு தனிச் சின்னக் காட்சி, முழுக்கக் கோட்டோடு, உள்ளுக்குள் பிசிறில்லாமல் பொருந்துகிறது. நடிப்பின் சுருதியும் வேறு. சற்றுமுன் பதற்றத்தில் கத்திக்கொண்டிருந்த ஆள் இப்போது விடைபெறுகிறவர் மாதிரி பேசுகிறார். வசனம் கதையை ஓர் அங்குலம்கூட முன்னே தள்ளவில்லை. அவசரமாக எடிட் செய்யும் யாரும் நேரம் குறைக்க முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட துண்டைத்தான். வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் யாரோ அதற்குக் காவல் நின்றிருக்கிறார். திட்டமிட்ட முரணுக்குச் செலவு உண்டு. தனி ஷாட், தனி லைட்டிங், திரையில் தனி நேரம். பிழை இலவசமாக வரும். "இதற்கு யாராவது காசும் நேரமும் கொடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

அதே சீசனிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. முதல் எபிசோடில் ஏமியின் காதலன் ரோரியின் மருத்துவமனை அடையாள அட்டையில் வழங்கிய தேதி 30.11.1990 என்று இருக்கும். கதைப்படி அப்போது அவன் பச்சைக் குழந்தை. கோட்டு விஷயத்தில் உஷாரான கூட்டம் அந்த அட்டையையும் பெரிதாக்கிப் பார்த்து, காலம் உடைந்ததற்கு இதுவும் தடயம் என்று பக்கம் பக்கமாக எழுதியது. கதை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதையில் யாரும் அந்தத் தேதியைப் படிக்கவில்லை, நிறுத்தி வைத்தால்தான் தேதி தெரியும். செட்டுக்குச் சாமான் தயாரிக்கும் ப்ராப்பர்ட்டி ஆட்கள் அடித்த அட்டையில் ஏதோ ஒரு தேதி, அவ்வளவுதான் என்பது என் தீர்ப்பு. எழுதியவர் ஒரே ஸ்டீவன் மோஃபட், சீசனும் ஒன்று. ஒரு முரண் தங்கம், இன்னொன்று தகரம். எழுத்தாளர் கெட்டிக்காரர் என்பதால் அவர் தொடரில் இருக்கும் எல்லாமே திட்டம்தான் என்று நினைக்கும்போதுதான் நாம் கவிழ்கிறோம்.

2016-ல் வந்த வெஸ்ட்வேர்ல்ட் முதல் சீசனும் இதே பாடம். ரோபோக்கள் நிறைந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் கதை அது. சில காட்சிகளில் பூங்காவின் சின்னம் ஒரு வடிவிலும் வேறு காட்சிகளில் வேறு வடிவிலும் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஆர்ட் டிபார்ட்மென்ட் சொதப்பல். ஆனால் பழைய சின்னம், பூங்காவுக்கு வரும் விருந்தாளி வில்லியம் இருக்கும் பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பிழைக்கு ஆள் தெரியாது, எங்கே வேண்டுமானாலும் விழும். ஒரே ஆளைச் சுற்றியே விழுகிறது என்றால் அது பிழை இல்லை. இரண்டு வெவ்வேறு காலங்கள் என்று ரசிகர்கள் சீசன் முடியும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், டிசம்பர் 4 அன்று கடைசி எபிசோடு அதை உறுதி செய்தது.

இப்போது காபி கப். 2019 மே 5 எபிசோடு, விண்டர்ஃபெல் கோட்டையில் விருந்து, ராணி டெனேரிஸுக்கு முன்னால் ஒரு காகிதக் கப். இது பிழை, வேறொன்றும் இல்லை. தொடரை ஒளிபரப்பிய எச்பிஓவே தவறு என்று ஒப்புக்கொண்டு, அவள் ஆர்டர் செய்தது மூலிகைத் தேநீர் என்று கிண்டலும் அடித்துவிட்டு, இரண்டு நாளில் கணினியில் கப்பை அழித்துவிட்டது. ஸ்டார்பக்ஸ் விளம்பரம் என்ற கதைக்கு அடிப்படை இல்லை, அது அந்தக் கம்பெனியின் கப்பே இல்லை. இவ்வளவு பணம் போட்ட தொடரில் யார் கண்ணிலும் படாமலா இருக்கும் என்று கேட்கிறீர்கள். படாமல் இருக்கும். மங்கலான வெளிச்சம், மேசை நிறைய கோப்பைகள், எடிட்டர் பார்ப்பது டெனேரிஸின் முகத்தை. நான் ஒரு காட்சியை ஐம்பது தடவை ஓட்டியிருப்பேன், ஐம்பது தடவையும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருப்பேன். முதல் தடவை பார்க்கிற உங்கள் சித்தப்பா மூலையில் இருக்கும் ஃபேன் ஒயரைச் சொல்லிவிடுவார். இரண்டு வாரம் கழித்து வந்த கடைசி எபிசோடில், சாம்வெல் என்ற பாத்திரத்தின் காலடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தெரிந்ததும் இதே ரகம்.

நாலாவது பெட்டியில் இருப்பவை எனக்கு மிகவும் பிடித்தவை. பிழையாகப் பிறந்து, அப்புறம் திட்டமாக வளர்ந்தவை. ட்வின் பீக்ஸ் என்ற மர்மத் தொடரின் முதல் எபிசோடை எடுக்கும்போது ஃப்ராங்க் சில்வா என்பவர் அதில் நடிகரே இல்லை, செட்டில் சாமான்களை ஒழுங்கு செய்கிறவர். ஓர் அறையில் மேசை நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தவரிடம் யாரோ, உள்ளேயே மாட்டிக்கொள்ளாதே ஃப்ராங்க் என்று சொன்னது இயக்குநர் டேவிட் லிஞ்ச் காதில் விழுந்தது. உடனே அவருக்கு ஏதோ தோன்றி, கட்டில் காலடியில் ஃப்ராங்க் பதுங்கியிருப்பது போல ஒரு ஷாட் எடுத்து வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. அப்புறம் வேறொரு காட்சி. மகளை இழந்த தாய் திடுக்கிட்டு எழுந்து அலறுகிறாள். டேக் பிரமாதம். ஆனால் கேமராமேன், கெட்டுப்போச்சு, கண்ணாடியில் ஒரு ஆள் தெரிகிறான் என்கிறார். யார் அது என்று கேட்டால், ஃப்ராங்க். எங்கள் இயக்குநராக இருந்தால் ஒன்மோர் கேட்டு, அந்த ஆளை வெளியே துரத்தியிருப்பார். லிஞ்ச் குஷியாகிவிட்டார். 1990-ல் தொடர் வந்தபோது அந்த ஆள்தான் பாப், கதையின் எல்லாக் கொடுமைக்கும் பின்னால் நிற்கும் பேய். அந்தக் கண்ணாடிப் பிம்பம் பிழையா, திட்டமா? படம் பிடித்த நொடியில் பிழை. அடுத்த நொடியில் திட்டம்.

விண்வெளிக் கதையான ஸ்டார் ட்ரெக்கில் இதே சங்கதிக்கு முப்பத்தெட்டு வருடம் பிடித்தது. 1967-ல் முதலில் வந்த க்ளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கு நெற்றி சாதாரண நெற்றி. 1979 படத்தில் மேக்கப்புக்குக் கையில் காசு வந்ததும் எலும்பு வரப்பு முளைத்துவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. 1996-ல் அதன் கிளைத் தொடரான டீப் ஸ்பேஸ் நைன் ஆட்கள் பழைய தொடரின் காலத்துக்கே போகிறார்கள். இவர்களா க்ளிங்கன்கள் என்று சுற்றி நிற்பவர்கள் கேட்க, வரப்பு வைத்த க்ளிங்கன் வோர்ஃப், இதை நாங்கள் வெளியாட்களிடம் பேசுவதில்லை என்று முறைத்துக்கொண்டு முடித்துவிடுவான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், அதைவிட அழகான பதில் கிடையாது. 2005-ல் இன்னொரு கிளைத் தொடரான என்டர்ப்ரைஸ் இரண்டு எபிசோடு எடுத்து, ஒரு வைரஸால்தான் நெற்றி மாறியது என்று மருத்துவக் காரணம் சொன்னது. ரசிகர்கள் பலருக்கு நிம்மதி. எனக்கு வோர்ஃபின் முறைப்பே போதும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. பிழை என்று நீங்கள் பிடிப்பது முதலில் ஒளிபரப்பானதில் இல்லாமலே இருக்கலாம். ஃபிலிமில், பழைய சதுர டிவிக்காக எடுத்த ஃப்ரெண்ட்ஸ், பஃபி மாதிரித் தொடர்களைப் பின்னால் அகலத் திரைக்கு மாற்றினார்கள். வெட்டப்படும் என்று நம்பி விட்டிருந்த ஓரங்கள் வெளியே வந்தன. பஃபியில் லைட்டும் யூனிட் ஆட்களும் தெரிந்தார்கள். ஃப்ரெண்ட்ஸில் நடிகைக்குப் பதிலாக நின்ற வேறொருவர் தெரிந்தார். எடுத்தவர்கள் மேல் இதில் குற்றமே இல்லை. அதே ஃப்ரெண்ட்ஸில் மோனிகா வீட்டு எண் முதலில் 5, பிறகு 20. சன்னலில் தெரிவது உயரமான மாடி, 5 பொருந்தவில்லை என்று புரிந்து திருத்தினார்கள். பார்ப்பவருக்குப் பிழையாகப் பட்டது உண்மையில் பிழைத் திருத்தம்.

எங்கே நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காட்சிக்குள் வரும் சாமான், உடை, தலைமுடி மாற்றங்களைப் பற்றி ஓரளவு அடித்துச் சொல்வேன், அது என் தொழில். வருடக் கணக்கில் நீளும் கதை முரண்களில், அதாவது வயது, உறவு, தேதி இவற்றில், வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது கஷ்டம். எழுதும் ஆட்கள் மாறியிருப்பார்கள். ஒருவர் மறந்தது இன்னொருவருக்கு விதையாகியிருக்கும். எடுத்தவர்கள் பேட்டியில் சொல்வதையும் அப்படியே நம்ப மாட்டேன். தற்செயலாக அமைந்ததை, அப்போதே யோசித்து வைத்தேன் என்று சொல்லும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? அந்த விபூதி விஷயத்தையே என் இயக்குநர் பிறகு ஒரு மேடையில், தாய்மை அழிந்ததன் குறியீடு என்று சொன்னார். நான் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக உங்கள் அம்மாவின் கடிகாரம். அது சத்தியமாகத் திட்டம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போல, அந்தக் குடும்பத்துக்குக் காலம் நின்றுவிட்டது என்பதற்காக இல்லை. மாஸ்டரைப் பத்து மணிக்கும் க்ளோஸைப் பன்னிரண்டுக்கும் எடுத்து ஒட்டினால், ஓடுகிற கடிகாரம் ஒவ்வொரு வெட்டிலும் எங்களைக் காட்டிக்கொடுக்கும். அதனால் செட்டில் கடிகாரம் மாட்டும்போதே ஆர்ட் அசிஸ்டென்ட் செய்கிற முதல் வேலை, பின்பக்கம் திருப்பி பேட்டரியை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொள்வதுதான்.